திங்கட்கிழமைத் தகடுகள்

1

போன செவ்வாயோடு நான் மேற்கு ஜெர்மனிக்கு வந்து ஏழு வருஷம் முடிந்தது. அன்றைக்குப் பார்த்து எனக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு கிடைத்தது. இந்த ஊரில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே ஓர் அலுவலகம் உண்டு. நீளமான வராந்தா, மர பெஞ்சு, புகைபிடிக்காதே என்று ஐந்து மொழியில் எழுதிய பலகை. தமிழ் அதில் இல்லை. இத்தனை காலமும் வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, இன்னும் பன்னிரண்டு மாதம் இங்கே மூச்சு விடலாம் என்று முத்திரை வாங்கிக்கொண்டு வருவேன். இந்தத் தடவை கிடைத்தது கெடு இல்லாத முத்திரை. இனி அந்தப் பெஞ்சின் தயவு எனக்கு வேண்டியதில்லை.

முத்திரை குத்துவதற்கு முன் குமாஸ்தா தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகிக்கொண்டு, “என்ன தொழில்?” என்று கேட்டார். சிலிக்கன் தகட்டின் மேல் ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பூச்சு போட்டு, அந்தக் கனத்தை அளப்பது என்றேன். 

“வீட்டுக்கு உள்ளே பூசுவதா, வெளிச்சுவரா?”

“உள்ளேதான்.”

‘பூச்சு வேலை, உள்பக்கம்’ என்று அடித்து முத்திரையைக் குத்திவிட்டார். நான் திருத்தவில்லை. திருத்தம் கேட்டால் மறுபடியும் வராந்தாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் லீவில் எங்கள் ஊர் கல்லலுக்குப் போயிருந்தபோது, ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் மச்சான், அதாவது என் மனைவி வள்ளியின் தம்பி, இதையேதான் கேட்டான்.

“மச்சான், நெசத்தச் சொல்லுங்க. இம்புட்டூண்டு தகட்டுக்குப் பூச்சுப் பூசவா பிளேன் ஏறிப் போனீக? இங்குட்டு மானகிரியில ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் கெடைக்காம மூணு மாசமா அலையுறாக.”

அவனுக்கு ஒரு பதில் எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் வேலைக்கு முன்னால் நோவாக் அம்மா வந்து நிற்கிறார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்களும் தொட்டிகளும் கழுவுகிறவர் அவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நான் செய்த காரியத்தைச் சொல்லாமல் என் பூச்சு வேலையைப் பற்றி எழுதினால் அது பாதி எழுதியதாகத்தான் இருக்கும்.

2

முதலில் மச்சானுக்கு.

கல்லலில் எங்கள் வயல் கிணற்றுக்கு டீசல் எஞ்சின் வந்த புதிதில், அதைத் துடைத்த கந்தலை நான் தண்ணீருக்குள் போட்டுவிட்டேன். கிணறு முழுக்க நீலமும் ஊதாவும் பச்சையுமாகப் படர்ந்தது. அப்பா முதுகில் ஒன்று வைத்தார். “பாயுற தண்ணியிலயாடா எண்ணெயக் கலக்குற, கோட்டிப்பயலே?” என்று கத்தினார். எனக்கு அடி உறைக்கவில்லை. ஒரு கந்தலில் இருந்த எண்ணெய் ஒரு கிணற்றையே மூடுகிறது என்றால் அது எவ்வளவு மெல்லிசாக இருக்க வேண்டும் என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் காரைக்குடியில் கல்லூரி, அங்கேயே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நாலு வருஷம் நிக்கல் முலாம் வேலை. கல்லலிலிருந்து காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புவேன். அங்கே நாங்கள் போட்ட முலாம் சைக்கிள் ஹாண்டில்பாரில் துருவேறாமல் காக்கும் கனம். இங்கே நான் போடுவதோ, ஒரு மில்லிமீட்டரை நாலு லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. ஆங்ஸ்ட்ராம் கணக்கில் இருபத்தைந்து.

இதற்கு ஒரு தொட்டி இருக்கிறது. கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவு, ஆனால் சதுரம். அதில் மூன்று தடவை காய்ச்சி வடித்த தண்ணீர். மெழுகுவத்தியில் கலக்கும் ஸ்டியரிக் அமிலத்தைக் குளோரோஃபார்மில் கரைத்து, தண்ணீரின் மேல் சில சொட்டு விட வேண்டும். குளோரோஃபார்ம் பறந்துவிடும். அமிலம் தண்ணீர் மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரவி நிற்கும். ஒவ்வொரு மூலக்கூறின் தலையும் தண்ணீருக்குள், வால் மேலே. அப்போதும் இடைவெளி இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து ஒரு சட்டத்தை மெல்லத் தள்ள வேண்டும். நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் “உள்ள போங்க, உள்ள போங்க” என்று நெருக்குகிறாரே, அதுதான். இனி நெருங்க இடமில்லை என்ற நிலையில் கண்ணாடிபோல் மெருகிட்ட சிலிக்கன் தகட்டை நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீரில் இறக்கி ஏற்றினால், அந்தப் படலம் அப்படியே தகட்டில் ஏறிக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஒரு பூச்சு. இருபது பூச்சில் தகடு பழுப்பாகும். நாற்பதில் ஊதா தெரியும். நிறமே இல்லாத சரக்கு கனத்தால் மட்டும் நிறம் காட்டுவதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

பிறகு எலிப்சோமீட்டர் என்ற கருவி. தகட்டின் மேல் சாய்வாக ஒளியை விட்டு, இரண்டு சக்கரங்களைத் திருகித் திருகி, வெளிச்சம் அணைகிற இடத்தைப் பிடித்துக் கோணத்தைக் குறிக்க வேண்டும். கோணத்திலிருந்து கனம் வரும். இத்தனை மெல்லிய சுவரை மின்சாரம் தாண்டுமா, தாண்டாதா என்பது எங்கள் பேராசிரியரின் கேள்வி. அதற்குச் சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்க வேண்டும்.

தொட்டித் தண்ணீரில் ஒரு விரல்ரேகை அளவு அழுக்கு பட்டாலும் அன்றைய வேலை போச்சு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை மறந்தாலும் பாதகமில்லை.

3

நான் வந்து ஆறு மாதம் கழித்து வள்ளியும் எங்கள் மகள் தேனுவும் வந்து சேர்ந்தார்கள். மாடியில் இரண்டு அறை. கீழே வீட்டுக்கார அம்மாள். வெந்நீர்க் கொதிகலனின் சாவி அவரிடம். சனிக்கிழமை மட்டும்தான் தொட்டி நிறைய வெந்நீர் விடுவார். மற்ற நாளெல்லாம் கையும் காலும் முகமும்தான். ஜெர்மன்காரர்களுக்கும் சனிக்கிழமைதான் குளியல் நாள் என்று தெரிந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பனி கொட்டினாலும் சனிக்கிழமை பத்து மணிக்கு நான் வேட்டியை மடித்துக் கட்டி, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

எண்ணெய் காரைக்குடிச் செக்கிலிருந்து வரும். மச்சான் டின்னில் ஊற்றி, வாயை ஈயம் வைத்து அடைத்துக் கப்பலில் அனுப்புவான். முதல் டின் வந்தபோது சுங்க அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

“இது தின்பதற்கா, தேய்ப்பதற்கா?”

“இரண்டுக்கும்.”

“ஒன்றைச் சொல்லுங்கள். தின்பதற்கு ஒரு படிவம், தேய்ப்பதற்கு வேறு படிவம்.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பாதி டின் தின்பது, பாதி டின் தேய்ப்பது என்று இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தேன். அந்த அதிகாரி டின்னில் கோடு போடாமல் விட்டது பெரிய மனசு.

தேனு ஏழு வயதில் எண்ணெய்க்கு எதிராகக் கொடி பிடித்தாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்துகிறாளாம். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். அதட்டினால் இன்னும் வேகமான ஜெர்மனில் சொல்லுவாள்.

“வாயத் தொறந்தா இந்த ஊருப் பாசைதான் வருது. என்னங்க சொல்லுறா இவ?” என்பாள் வள்ளி.

“சனிக்கிழமை தேய்த்தால் புதன்கிழமை வரைக்கும் மணக்கிறதாம்.”

“மணந்தா மணக்கட்டும். ஊருல இதுக்குன்னு காசு குடுத்து வாங்குறாக.”

மகள் ஜெயித்தாள். தலைக்கு இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய், அதுவும் வாராவாரம் கிடையாது, பள்ளி விடுமுறைக்கு முந்தின நாள் மட்டும் என்று உடன்படிக்கை ஆயிற்று. இப்படித்தான் பிள்ளைகள் ஒவ்வொரு சொட்டாகக் கை நழுவுகிறார்கள் என்று நான் அன்றைக்குக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். அப்புறம் அவள் மீதி எண்ணெயில் முறுக்குச் சுடச் சொன்னாள், வருத்தம் போய்விட்டது.

என் ஜெர்மன் லட்சணம் என்னவென்றால், முதல் ஆறு மாதம் பேராசிரியரை நான் ‘நீ, வா, போ’ என்றே பேசியிருக்கிறேன். ‘வாரீக, போறீக’ என்று எதிர்வீட்டுக் குழந்தைக்குக்கூட மரியாதை கொடுக்கிற சீமையில் பிறந்தவன்! யாரும் சொல்லவில்லை. ஒருநாள் நோவாக் அம்மாதான் பைப்பைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி, எந்த இடத்தில் எந்தச் சொல் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, எப்போதும் நீலக் கோட்டு. இரண்டாவது உலகச் சண்டை முடிந்தபோது கிழக்கேயிருந்து ஒரு பெட்டியோடு அகதியாக வந்தவர் என்று பின்னால்தான் தெரிந்தது.

என் வலது மணிக்கட்டில் ஒரு கயிறு கிடந்தது. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அய்யனார் கோயிலில் மந்திரித்து அம்மா கட்டிவிட்டது. சிவப்பு நூலை ஒன்பது இழையாக முறுக்கிய தடித்த கயிறு. முடிச்சுக்குப் பிறகும் இரண்டு நுனி தொங்கும். சேர்ந்த புதிதில் பேராசிரியர் அதைப் பார்த்து என்ன என்று கேட்டார். புனிதமானது, கழற்றக் கூடாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் ஒருவரும் அதன் பேச்சை எடுக்கவில்லை. மதத்தில் தலையிடுகிறோமோ என்று அவர்களுக்குப் பயம். எனக்குப் பெருமை.

4

இரண்டாவது வருஷம் முடிகிற சமயம். மார்ச் கடைசியில் என் ஒப்பந்தம் தீர்கிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் முத்திரை இல்லை; முத்திரை இல்லாவிட்டால் மூன்று பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். காரைக்குடி வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்திருந்தேன். பேராசிரியர் நேராகச் சொல்லிவிட்டார்: இருபது பூச்சு போட்ட தகடு, நாளுக்கு ஒன்றாகப் பத்து வேலைநாள், பத்தும் ஒரே கனம். அது வந்தால் நீட்டிப்பு.

செவ்வாய் சுமார். புதன் பரவாயில்லை. வியாழனும் வெள்ளியும் தகடுகள் பத்தரை மாற்று. திங்கட்கிழமை மட்டும் சனியன் பிடிக்கும். பழுப்பு திட்டுத் திட்டாக வரும். ஓரிடத்தில் ஐந்நூறு ஆங்ஸ்ட்ராம், பக்கத்திலேயே முந்நூறு. சில சமயம் ஏறின பூச்சு அடுத்த இறக்கத்தில் உரிந்து தண்ணீருக்கே போய்விடும். ஆறு வாரம் பார்த்தேன். ஆறு திங்களும் அதே கதை. நான் பத்துக்குப் பத்து எப்படி எடுப்பது?

நான் கோபக்காரன். கோபக்காரனுக்கு ஒரு காரணம் சீக்கிரம் கிடைத்துவிடும். வார நாளில் நோவாக் அம்மா சாயங்காலம் தொட்டியை அலசிவிட்டுப் போவார். சனிக்கிழமை காலையில் மட்டும் சோப்புத்தூள் போட்டுப் பெரிய கழுவல். அதற்கடுத்து வருவது திங்கள். கணக்கு நேராகி விட்டதல்லவா? சோப்பை முழுசாக அலசாமல் விடுகிறார், வயதாகிவிட்டது, கை ஓயவில்லை, கவனம் ஓய்ந்துவிட்டது என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

அதை ஒரு தாளில் எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தேன். நம் ஊரில் மொட்டைக் கடுதாசி போடுகிறவனுக்காவது வெட்கம் இருக்கும், பெயரை மறைப்பான். நான் முழுக் கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தேன்.

பேராசிரியர் இரண்டு தடவை படித்தார். “நிச்சயமாகத் தெரியுமா? ஒன்பது வருஷமாக அவர்தான் கழுவுகிறார்.”

“நிச்சயம்.”

“சரி. அடுத்த வாரம் அவர் கீழே பாட்டில் கழுவட்டும். தொட்டியை நீங்களே கழுவுங்கள். திங்கட்கிழமை சரியாக வந்தால் அப்படியே வைத்துக்கொள்வோம்.”

கீழே என்றால் நிலவறை. ஜன்னல் இல்லாத இடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோவாக் அம்மாவிடம் சொன்னார்கள். அவர் தொட்டியை எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுத் தம் தூரிகைகளை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். ‘எட்டு தடவை அலசவும். அவசரமானால் ஒன்பது தடவை’ என்று எழுதியிருந்தார். நான் அதைப் படித்துச் சிரித்தேன்.

5

சனிக்கிழமை விடியற்காலையே போய்ப் பத்து தடவை அலசினேன். வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். திங்கட்கிழமை பாட்டுப் பாடிக்கொண்டே தகட்டை இறக்கினேன்.

திட்டுத் திட்டாகப் பழுப்பு.

 நோவாக் அம்மா கை வைக்காத தொட்டி. என் கை மட்டும். தகட்டை மேஜை டிராயரில் போட்டு மூடினேன். தண்ணீரைக் கொட்டி, தொட்டியை அலசிப் புதுத் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் சுத்தமா என்று பார்க்கிற பழைய சோதனையைச் செய்தேன். முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரைத் தண்ணீர் மேல் மெல்லத் தூவ வேண்டும். சுத்தமான தண்ணீரில் பவுடர் சும்மா மிதக்கும். எங்காவது துளி எண்ணெய் பட்டால், எண்ணெய் பரவி வருகிற வேகத்தில் பவுடர் தெறித்து ஓடும்.

தூவினேன். பவுடர் சாதுவாக மிதந்தது. தண்ணீர் சுத்தம். அப்படியானால் எது? வழக்கமாகத் தகட்டை இறக்குகிற மாதிரியே, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, இடுக்கியோடு வலது கையைத் தொட்டிக்கு மேல் கொண்டுபோனேன்.

கயிற்றின் நுனி தண்ணீரைத் தொட்டது. அவ்வளவுதான். பவுடர் அத்தனையும் அடித்துப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவருக்கு ஓடிற்று. என் கைக்குக் கீழே கருப்பாக, வெறுமையாக, ஒரு வட்டத் தண்ணீர்.

நம்ப மனமில்லாமல் தண்ணீரை மாற்றி மறுபடி செய்தேன். மறுபடியும் ஓடிற்று. இன்னொரு தடவை தண்ணீரையும் பவுடரையும் மாற்றி, இடது கையை நீட்டினேன். பவுடர் அசையவில்லை. கயிற்றை மூக்கருகில் கொண்டுபோனேன். காரைக்குடிச் செக்கு மணத்தது.

சனிக்கிழமை ஒன்பது இழையும் எண்ணெய் குடிக்கிறது. திங்களன்று கக்குகிறது. தினமும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறேனே, அதில் செவ்வாய், புதன் என்று குறைந்து, வியாழன் வரும்போது கயிறு சுத்தம். மறுபடி சனி. இதைவிடத் தெளிவான கணக்கு என் ஆராய்ச்சியில் வந்ததே கிடையாது.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. சொன்னால் நம்பமாட்டீர்கள், கைதட்டக்கூடச் செய்தேன். அதற்குப் பிறகுதான் நிலவறை ஞாபகம் வந்தது. அடுத்தபடி வந்த யோசனையை எழுதவே கை கூசுகிறது. டிராயரில் இருக்கும் தகட்டை யாரும் பார்க்கவில்லை. அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கயிற்றை ஒதுக்கிவிட்டால், பத்துக்குப் பத்து வந்துவிடும். ஒப்பந்தம் வரும். நோவாக் அம்மா போனதும் திங்கட்கிழமை சரியாகிவிட்டது என்று எல்லாரும் நம்புவார்கள். நான் சொன்னதே சரியென்று ஆகிவிடும். ஒருவர் காலம் முழுக்க ஜன்னல் இல்லாத அறையில் பாட்டில் கழுவுவார். அவ்வளவுதானே?

6

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வள்ளியிடம் கொட்டினேன். அவள் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

“கயித்துலயா?”

“கயித்துலதான்.”

“அந்தக் கயித்த இன்னுமா கட்டியிருக்கீக? நான் அது வேற புதுக் கயிறுன்னுல்ல நெனச்சேன்!”

“அம்மா கட்டினது வள்ளி. அதை எப்படிக் கழட்ட?”

“அட, அது ஒரு மண்டலத்துக்குக் கட்டினது. நாப்பத்தெட்டு நாள் கழிச்சு ஓடுற தண்ணியில விட்டுரணும்னு அத்தை அம்புட்டுத் தடவ சொன்னாக. நீங்க பெட்டியத் தூக்குறதுலயே குறியா இருந்தீக. காதுல வாங்கினாத்தான?”

இரண்டு வருஷமாகப் புனிதம், கழற்றக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்தவன் நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வள்ளி சிரிக்கவில்லை. மாவுக் கையோடு எதிரே உட்கார்ந்தாள்.

“அந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு?”

“கீழதான் இருக்காங்க. நாளைக்கு இதைச் சொன்னால், ‘தன் கையையே பார்க்கத் தெரியாதவனுக்கு ஒப்பந்தம் எதற்கு’ என்று பேராசிரியர் கேட்டால் என்ன செய்ய? மார்ச் முடிய மூணு வாரம்தான் இருக்கு.”

“கேட்டா ஊருக்குப் போவோம். தம்பி கடையில பஞ்சர் ஒட்டுங்க, நான் குத்தஞ் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. அந்தம்மா தலையில பழியத் தூக்கி வச்சுப்புட்டு அதுல வாங்குற முத்திரைய எங்கிட்டக் காட்டாதீக. எனக்கு வேண்டாம்.”

தேனு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெர்மனில், “அப்பா நாளைக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறாரா?” என்றாள். எதைத் தமிழில் சொன்னாலும் புரியாத மாதிரி நிற்கிற பெண்ணுக்கு அன்றைக்கு ஒரு சொல் விடாமல் புரிந்திருந்தது.

வள்ளி கத்தரிக்கோலை எடுத்து வந்து கயிற்றை வெட்டினாள். மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போகிற வழியில் பாலத்தின் மேல் நின்று, கண்ணை மூடி அய்யனாரிடம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆற்றில் விட்டேன். நாயோடு வந்த ஒரு பெரியவர் நின்று, ஆற்றில் குப்பை போடக் கூடாதென்று என்னை ஒரு பிடி பிடித்தார். அன்றைக்கு மனுஷரிடம் நான் கேட்ட முதல் மன்னிப்பு அவரிடம்.

7

பேராசிரியர் முன்னால் திங்கட்கிழமைத் தகட்டை வைத்தேன். வாரக் கணக்கை வரைந்த தாளையும் வைத்தேன். தப்புந்தவறுமான ஜெர்மனில் ஒன்றுவிடாமல் சொன்னேன், மரியாதைச் சொற்களை மட்டும் சரியாகப் போட்டு. அவர் என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்.

“கயிறு எங்கே?”

“ஆற்றில்.”

“ஆற்றிலா! அதிலிருந்து நாளுக்கு எவ்வளவு எண்ணெய் இறங்குகிறது என்று அளந்திருக்கலாமே!” என்று நிஜமாகவே தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு முகம் மாறியது. “ஒப்பந்தத்தைப் பத்துத் தகடு வந்த பிறகு பேசுவோம். முதலில் கீழே போங்கள். அதை நான் செய்ய முடியாது.”

நிலவறையில் ஒரே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. நோவாக் அம்மா பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று பாட்டிலுக்குள் தூரிகையை விட்டுத் திருகிக்கொண்டிருந்தார். நான் படி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். கயிறு, எண்ணெய், சனிக்கிழமை, பவுடர் ஓடியது, என் கடிதம். மன்னிப்புக் கேட்க ஜெர்மனில் எனக்கு நாலு விதம் தெரியும். நாலையும் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“திங்கட்கிழமை சாயங்காலம் தொட்டியின் ஓரத்தில் எண்ணெய் இருக்கும். உங்கள் கோட்டு மாட்டுகிற இடத்திலும் அதே வாசனைதான். அதனால் திங்கட்கிழமை மட்டும் இரண்டு தடவை கழுவுவேன். மற்றவர்கள் கண்ணில் பட வேண்டாமென்று.”

 “அப்படியென்றால் வெள்ளிக்கிழமை ஏன் சொல்லவில்லை? பேராசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்...”

“உங்கள் காகிதம் மார்ச்சோடு முடிகிறது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். உங்களுக்குச் சின்னப் பெண் இருக்கிறாள். நானும் இந்த ஊருக்கு ஒரு காகிதத்தோடுதான் வந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய் நிற்க வேண்டும். அந்த வரிசையில் நிற்கும்போது வயிறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.” தோளைக் குலுக்கினார். “பாட்டிலும் யாராவது கழுவத்தானே வேண்டும்.”

நான் எந்த முத்திரைக்காக அவரைக் கீழே தள்ளினேனோ, அந்த முத்திரைக்காகவே அவர் வாயை மூடிக்கொண்டு கீழே வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. அவரைக் கையோடு மேலே கூட்டிப்போகத்தான் வந்திருந்தேன். வாருங்கள் என்று கூப்பிட்டேன். இன்னும் முப்பது பாட்டில் இருக்கிறது, எடுத்ததைப் பாதியில் போடுகிற வழக்கம் தனக்கில்லை என்றார்.

அதனால் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். இரண்டு கையிலும் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு பாட்டிலை எடுத்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்து, எட்டு தடவை எண்ணி அலசி, பெருமையாக அவர் கையில் கொடுத்தேன்.

நோவாக் அம்மா அதைப் பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். என்னிடமே திருப்பித் தந்தார்.

“கழுத்தில் சோப்பு நிற்கிறது,” என்றார். “மறுபடியும்.”